வாசலில் அம்மாவின் செருப்பு

போன வாரம் காவ்யாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த பெங்களூர் பீன்யா லேபில் அவள் இப்போதுதான் டிரெயினியாகச் சேர்ந்திருக்கிறாள். ஊர் கிருஷ்ணகிரி. நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, நீங்க டிரெயினி சம்பளத்துல தனியா ரூம் எடுத்து இருந்தீங்கன்னு லேப்ல சொன்னாங்க. பெங்களூர்ல அது முடியுமாக்கா? அம்மா உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

'முடியும்' என்று தட்டினேன். அழித்தேன். 'யோசிச்சு முடிவு பண்ணு' என்று தட்டினேன். அதையும் அழித்தேன். ஏழு மாதக் குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டது அவளுக்காகத்தான். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள வயதில்லை, ஆனால் லேபில் என் நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். போன வருடம் இதே கேள்வி வந்திருந்தால் "தாராளமா வா" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இப்போது காவ்யாவைவிட அவளுடைய அம்மாதான் என் கண்ணுக்குத் தெரிகிறாள். நான் 'முடியும்' என்று சொன்னால் அதை நம்பி ஒருத்தி தன் மகளை பஸ் ஏற்றி விடுவாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடிவை அவர்களே செய்துகொள்ளட்டும்.

நான் திருப்பத்தூர்க்காரி. இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமோ. அப்பா இல்லை, அம்மா அங்கன்வாடியில் வேலை. படித்ததற்கு ஏற்ற வேலை எங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்கவில்லை. பீன்யாவில் ஒரு கேலிப்ரேஷன் லேபில் எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைகளில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர் எல்லாம் சரியான அளவு காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் இடம் அது. எட்டு மாதம் டிரெயினி, அதன் பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம். அந்த எட்டு மாதத்தில் என்ன கற்றேன் என்று கேட்டால், ஒரு கேஜின் முன்னால் அவசரப்படாமல் நிற்கக் கற்றேன் என்றுதான் சொல்ல முடியும்.

ரூம் கிடைத்த கதை வேறு. பீன்யா பக்கத்துப் பெண்கள் விடுதிகளில் ஒரு கட்டிலுக்கே என் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒக்கலிபுரத்தில் ஒரு மொட்டை மாடி அறையைப் பார்க்கப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. வீட்டுக்காரர் ரோசலின் ஆன்ட்டி. மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் கன்னடம் கலந்து வரும். கணவர் இறந்து, மகன் வெளிநாடு போய், கீழ் வீட்டில் தனியாக இருந்தார்.

"நோடம்மா, முன்னாடியே சொல்லிடறேன். ஒண்டிப் பொண்ணுங்களுக்கு ரூம் கொடுக்கறதில்லை. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்கு பதில் சொல்றது?"

அம்மா சட்டென்று, "நான் கூடத்தாங்க இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கே திக்கென்றது. மற்ற இடங்களில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்டார்கள், ஆன்ட்டி ஐந்து மாதம்தான் கேட்டார். அந்த ஐந்தைப் புரட்டவே அம்மாவின் வளையல் போயிற்று. இந்த அறை போனால் இன்னொரு அறைக்கு வழி கிடையாது. அறை இல்லையென்றால் வேலை இல்லை.

அம்மா நான்கு நாள் இருந்தாள். லீவு முடிந்ததும் திரும்பிப் போனாள். போகும்போது ரப்பர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, புதிதாக வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டாள். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலையையும் விட்டுப் போனாள். "கேட்டா தூங்குறாங்கன்னு சொல்லு" என்றாள்.

இப்படித்தான் நான் இரண்டு பேராக வாழத் தொடங்கினேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. வாரத்தில் இரண்டு நாள், யாரும் கட்டாத சேலையை ஒரு வாளித் தண்ணீரில் நனைத்து மாடிக் கொடியில் காயப்போடுவேன். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வீட்டில், அழுக்கே ஆகாத சேலைக்கு ஒரு வாளி! எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இருந்தாலும் நனைப்பேன். இரவு ஃபோனில் அம்மாவை ஸ்பீக்கரில் போட்டுக் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், கீழே கேட்கட்டும் என்று. அம்மாவும் புரிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவள்போல "குழம்பு ஆறுது, வந்து சாப்பிடு" என்பாள். என் அறையில் குழம்பு எதுவும் இருக்காது. காலையில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, நின்றுகொண்டே இரண்டு இட்லி. மதியம் நான் கட்டிவந்த எலுமிச்சை சாதம் அல்லது தயிர் சாதம். இரவு மிச்சம். பெண்களுக்கு இலவசப் பேருந்து அப்போது வரவில்லை. மாதக் கடைசியில் லேபில் கொடுக்கும் நாலு மணி டீக்கும் பிஸ்கட்டுக்கும் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

ஆறாவது மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். லேபுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். தண்ணீர் எடுக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. யாரும் வரவில்லை. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. தனியாக இருந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

லேபில் எங்கள் மேலாளர் புட்டசாமி சார். துமகூர்ப் பக்கத்துக்காரர். பீன்யாவில் தமிழர்களோடு பழகிப் பழகி ஒரு தமிழ் வைத்திருந்தார். யாரையும் திட்டமாட்டார். நாம் எழுதிய அளவுத் தாளை நம் கையிலேயே கொடுத்து, "ஓதும்மா" என்பார். நின்றுகொண்டு வரிவரியாக வாசிக்க வேண்டும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சட்டத்தில் கையை வைத்து, மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வரிக்கும் "முந்தே" என்பார், மேலே போ என்று அர்த்தம். தாளை அவர் பார்க்கவே மாட்டார். குரலைக் கேட்டே தப்பைக் கண்டுபிடித்துவிடுவார் என்று லேபில் எல்லோரும் நம்பினோம். கடைசியில் "பேஷ்" என்று சொன்னால் பச்சை மையில் கையெழுத்து.

ஒரு கேஜ் உள்ளே வந்தால் முதலில் எண் ஒட்ட வேண்டும். கண்ணாடி, முள், திருகு எல்லாம் பார்க்க வேண்டும். இருபத்துமூன்று டிகிரியில் இருக்கும் அறையில் அதைச் சில மணி நேரம் சும்மா போட்டுவைக்க வேண்டும். பிறகு எண்ணெய் அழுத்தக் கருவியில் பொருத்தி, முழு அழுத்தம் வரை இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அளவு. ஏறும்போது ஐந்து இடம், இறங்கும்போது ஐந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் கண்ணாடியை விரல் நகத்தால் லேசாகத் தட்டி, முள் அடங்கிய பிறகு படிக்க வேண்டும். பென்சில் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து, அடித்த எண் அடியில் தெரிய வேண்டும்.

இந்த முதல் அளவுக்கு லேபில் 'ஆஸ் ஃபவுண்ட்' என்று பெயர். வந்தது வந்தபடி. கேஜ் தப்பாகக் காட்டினால் அந்தத் தப்பையே எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் முள்ளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைக்கலாம். ஏனென்றால், அதை வைத்திருந்தவர்கள் இவ்வளவு நாளும் எதை நம்பி வேலை செய்தார்கள் என்பதற்கு அந்த எண்கள் மட்டும்தான் சாட்சி. முள்ளைத் தொட்ட பிறகு அவை திரும்பி வராது.

எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை. துணி சலவை செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பாய்லர் கேஜ் வந்திருந்தது. வாராந்திரச் சுத்தத்துக்காக பாய்லரை நிறுத்தியிருந்தார்கள். அதை ஓட்டும் ஆறுமுகம் அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே கேஜை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தருமபுரிக்காரர். அன்று காலையில் வந்து வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மதியம் ஸ்டீம் போட வேண்டுமாம்.

கேஜைக் கருவியில் பொருத்தி இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். அழுத்தமே இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை, அதற்கும் கீழே இருக்கும் தடுப்பு ஊசியில் சாய்ந்து கிடந்தது. குறைத்துக் காட்டும் கேஜ் என்று தெரிந்தது. எவ்வளவு குறைவு என்பது அளந்தால்தான் தெரியும். அப்போது சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அந்த அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் ஆன்ட்டி காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

"ஏம்மா, தண்ணி வந்திருக்குன்னு சொல்லப் போனேன், உங்கம்மா கதவே திறக்கலை! அர்த்த கண்டேயா தட்டறேன். சத்தமே இல்லை."

அர்த்த கண்டே என்றால் அரை மணி நேரம்.

"அம்மா... ஊருக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி. காலையில."

"செருப்பு வாசல்ல இருக்கே?"

"அது... வேற செருப்பு போட்டுட்டுப் போனாங்க."

"வெளியில பூட்டியிருக்கே, யாரு பூட்டுனது?"

"அது நான் எப்பவும் பூட்டிட்டுத்தான் ஆன்ட்டி வருவேன். அம்மா உள்ள இருந்தாலும். பயத்துக்கு." என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவியா? வயசானவங்களை? மயங்கிக் கியங்கி விழுந்திருந்தா? நான் ஆசாரியைக் கூப்பிட்டிருக்கேன், கதவை ஒடைக்கச் சொல்றேன்."

"வேணாம் ஆன்ட்டி! சத்தியமா உள்ள யாரும் இல்லை!"

கடைசியில் ஆன்ட்டி, "சாயங்காலம் வா. பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து கருவியின் முன் நின்றேன். என் மனம் ஒக்கலிபுரம் மாடிப்படியில் இருந்தது. கை மட்டும் பழகிய வேலையைச் செய்தது. கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, சரியான அளவில் பொருத்தி, அழுத்தி, இறக்கிப் பார்த்தது. முள் பூஜ்யத்தில் அழகாக நின்றது. அப்போதுதான் தாளைப் பார்த்தேன். 'ஆஸ் ஃபவுண்ட்' கட்டங்கள் பத்தும் காலி.

திங்கட்கிழமை என் நிரந்தர உத்தரவு வரவேண்டிய நாள். சாயங்காலம் அறை போகப்போகிறது, இப்போது வேலையும். யோசிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன். ஐந்து நிமிடம் நன்றாக யோசித்து, நம்பும்படி அங்கங்கே கொஞ்சம் ஏற்ற இறக்கம் வைத்து, நல்ல கேஜுக்கு வரக்கூடிய பத்து எண்களை எழுதினேன்.

"ஓதும்மா" என்றார் சார்.

ஓதினேன். என் குரல் தடுமாறவே இல்லை. முந்தே, முந்தே, முந்தே. "பேஷ்." பச்சை மை. குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று எட்டு மாதம் நம்பிய மனிதர் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கேஜையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனேன். ஆறுமுகம் அண்ணன் எழுந்து துண்டை விரித்தார்.

"எப்படி மேடம் இருக்கு நம்ம முள்ளு?"

"நல்லா இருக்குண்ணா."

"நல்லா இருக்கும், அது பாவம். வால்வுதான் மேடம் சனியன். ஏழு கிலோ பிரஷர்ல திறக்கணும், ஆறுலயே புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிட்டிருந்துச்சு. ஸ்டீம் எல்லாம் வேஸ்டு. ஓனர் கத்துனாரு. பிட்டரைக் கூட்டியாந்து ரெண்டு சுத்து டைட் வச்சோம். இப்ப கம்முனு கெடக்கு."

பாய்லரில் அழுத்தம் எல்லை தாண்டினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுவது சேஃப்டி வால்வ். அது கெட்டுப்போகவே இல்லை. உண்மையான ஏழில் சரியாகத் திறந்திருக்கிறது. குறைத்துக் காட்டிய கேஜ் அதை ஆறு என்று சொல்லியிருக்கிறது. கேஜை நம்பி, ஒழுங்காக இருந்த வால்வை முறுக்கி அடைத்திருக்கிறார்கள். இனி எவ்வளவில் திறக்கும், திறக்குமா என்றே யாருக்கும் தெரியாது. கேஜ் எப்போதும் சரியாகவே இருந்தது என்று என் சான்றிதழ் சொல்கிறது. அதைப் பார்த்த பிறகு வால்வை யார் மறுபடி சோதிப்பார்கள்?

"அண்ணா, பாய்லர் பக்கத்துல யார் இருப்பாங்க?"

"யாரு, நான்தான். மதியம் எல்லாரும் அங்கதான் உக்காந்து சாப்பிடுவோம். டிபன் பாக்ஸை அது மேல வச்சா சூடா இருக்கும்ல."

அவர் துண்டின் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் உடனே நல்லவளாகிவிடவில்லை. அவர் போகட்டும், பிறகு வேறு யாரோபோல ஃபோன் செய்து வால்வைப் பார்க்கச் சொல்லலாம் என்றுகூட ஓடியது. அவர் கதவுவரை போய்விட்டார். "அண்ணா, இருங்க" என்று துண்டோடு கேஜைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டார். பதில் சொல்லாமல் சாரிடம் ஓடினேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை சார் மின்விசிறியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். பிறகு அதே தாளை என் கையில் கொடுத்தார்.

"ஓதும்மா."

"சார்..."

"ஓது."

முதல் வரி வாசித்தேன். "முந்தே." இரண்டாவது. "முந்தே." மூன்றாவதில் குரல் நின்றுவிட்டது. அவர் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பத்து எண்களுக்கும் ஒற்றைக் கோடு என்னைப் போடச் சொன்னார். பக்கத்தில், 'முதல் அளவு எடுக்கப்படவில்லை, அதற்கு முன்பே முள் சரிசெய்யப்பட்டது, கேஜ் குறைத்துக் காட்டியது' என்று எழுதி என் பெயரைப் போடச் சொன்னார். அதன் பிறகு தன்னுடைய பச்சைக் கையெழுத்தின் மேலும் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார்.

"நானும் கண்ணை மேல வச்சுக்கிட்டுத்தானே சைன் போட்டேன்" என்றார். ஃபோனை என் பக்கம் தள்ளினார். "அந்த ஓனருக்கு நீயே பேசு. வால்வ் டெஸ்ட் பண்ணாம ஸ்டீம் போடக் கூடாது."

ஓனர் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. நாளைக்கு டெலிவரி, நீ கொடுப்பியா, உன் லேபை என்ன செய்கிறேன் பார். ஆறுமுகம் அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஃபோனை வாங்கி, "சார், நீங்க வந்து பக்கத்துல உக்காந்தா நான் இப்பவே பத்த வைக்கிறேன்" என்றார். ஓனர் ஃபோனை வைத்துவிட்டார்.

நான் கிளம்பும்போது, "திங்கக்கிழமை என்ன சார்?" என்று கேட்டேன்.

"கன்ஃபர்மேஷன் மூணு மாசம் தள்ளிப் போகுது. அதுவரைக்கும் இதே சம்பளம்."

"வேலையை விட்டு எடுக்கலையா சார்?"

"எடுக்கணும்னா லெட்டர் அடிக்கணும். இன்னிக்கு சனிக்கிழமை, டைப்பிஸ்ட் அரை நாள்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். ரோசலின் ஆன்ட்டி மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய செய்தித்தாள், அதன் மேல் அம்மாவின் செருப்பு.

"இதைப் பாரு" என்று குதிகால் பக்கத்தைக் காட்டினார். "சிலந்தி கூடு கட்டி, குட்டியும் போட்டிருக்கு. உங்கம்மா நடக்கவே மாட்டாங்களா?"

அன்று இரண்டாவது தடவையாக உண்மையைச் சொன்னேன். நான்கு நாள், சேலை, ஸ்பீக்கர் ஃபோன், குழம்பு வரை. அந்த அறையை விட்டால் எனக்கு இடமில்லை என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஜுரம் வந்தப்போ?" என்றார். "மூணு நாள் நீ வேலைக்குப் போகலை. நான் பார்த்தேன். அப்பவும் உன்கூட யாரும் இல்லையா?"

"இல்லை ஆன்ட்டி."

"அம்மா இருக்காங்க, பார்த்துப்பாங்கன்னு நான் படியே ஏறலை." செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினம் இந்தச் செருப்பை நிமிர்ந்து பார்ப்பேன். சரி, ஆள் இருக்குன்னு உள்ள போயிடுவேன். நீ செத்துக் கெடந்திருந்தாக்கூட இதைப் பார்த்துட்டு நான் சும்மா இருந்திருப்பேன்டி."

லேபில் அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே வந்தது. ஆன்ட்டி தட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. "மூணு மாசம் பார்க்கறேன். தினம் காலையில போறப்ப என் கதவைத் தட்டிட்டுப் போகணும். தட்டலைன்னா நான் மேல வருவேன். சரிப்படலைன்னா காலி பண்ணு" என்றார். லேபிலும் மூன்று மாதம், வீட்டிலும் மூன்று மாதம்.

செவ்வாய்க்கிழமை ஆறுமுகம் அண்ணன் ஃபோன் செய்தார். வால்வைக் கழற்றிச் சோதித்தார்களாம். "ஒம்பதரை வரைக்கும் ஏத்தியும் திறக்கலை மேடம். பயந்துட்டு இறக்கிட்டோம்" என்றார். ஏழில் திறக்க வேண்டியது அது. அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. "இப்பல்லாம் மரத்தடியில சாப்பிடுறோம்" என்று மட்டும் சொன்னார். லேபின் மூன்று மாதமும் வீட்டின் மூன்று மாதமும் எப்படியோ கடந்தன. அந்த அறையில் கல்யாணம்வரை நான்கு வருடம் இருந்தேன்.

இதையெல்லாம் சுருக்கி காவ்யாவுக்கு அனுப்பினேன். இட்லி, எலுமிச்சை சாதம், காய்ச்சல், பொய் எண்கள், எதையும் விடவில்லை. 'முடியும். எனக்கு முடிந்தது இப்படித்தான். வீட்டுக்காரரிடம் தனியாக இருக்கப் போவதாகவே சொல். நாலு பேர் இல்லை என்பார்கள், ஐந்தாவது வீட்டைப் பார். காய்ச்சல் வந்தால் எனக்கு ஃபோன் செய், மல்லேஸ்வரத்தில்தான் இருக்கிறேன்' என்று முடித்தேன். அனுப்பிய பிறகு, அவளுடைய அம்மாவைப் பயமுறுத்திவிட்டேனோ என்று நான்கு தடவை எடுத்துப் படித்தேன். என் மகள் இருபத்தொன்றில் இப்படி ஒரு அறைக்குப் போகிறேன் என்றால் நான் என்ன சொல்வேன்? தெரியவில்லை. ஒருவேளை நானும் வாய் தவறி "கூடத்தான் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிடுவேன்.

மறுநாள் பதில் வந்தது. "ஸ்ரீராமபுரத்துல ரூம் கிடைச்சிருச்சுக்கா. தனியாதான் இருப்பேன்னு சொல்லிட்டேன். ஆனா அம்மா உங்க கதையைக் கேட்டுட்டு, அவங்க செருப்பை விட்டுட்டுத்தான் போவேன்னு அடம் பிடிக்கறாங்க. என்னக்கா பண்றது?"

இந்தத் தடவை அழிக்காமல் ஒரே மூச்சில் தட்டினேன்.

"வாங்கிக்கோ. மொட்டை மாடி வெயில்ல கால் பொத்துப் போயிடும். துணி காயப்போடறப்ப நீ போட்டுக்கோ. எங்க அம்மாவோடது எனக்கு ஒரு சைஸ் பெருசு, ஆனா தேஞ்சு போறவரைக்கும் நான்தான் போட்டேன்."